சாயத்தண்ணிக்குக் கீழே ஒரு தோட்டம்

பின்னாளில் ஒரத்துப்பாளையம் அணை எழுந்த இடத்துக்குக் கீழே, நொய்யல் கரையை ஒட்டிய தோட்டத்து வீடு அது. 1980களில் அங்கே வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு, பள்ளிக்கூடம் போகும் முன்பே தண்ணீரின் பெயர்கள் பழகிவிட்டன. அரிசி களைந்த தண்ணி, சோறு வடித்த தண்ணி, பாத்திரம் தேய்த்த தண்ணி, சலதாரைத் தண்ணி, துணி அலசின தண்ணி. "தண்ணிய ஊத்திட்டேன்" என்று அப்பத்தாவிடம் சொன்னால் போதாது. "எந்தத் தண்ணிய, எங்க ஊத்துனே?" என்று உடனே கேள்வி வரும்.

ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் போக ஓர் இடம் இருந்தது. அரிசி களைந்ததும் சோறு வடித்ததும் அடுப்பங்கரை ஓரத்துப் பானையில் சேரும். சாயங்காலம் தவிடும் புண்ணாக்கும் கலந்து கட்டுத்தரைத் தாழிக்குப் போகும். காங்கேயம் மாடு அதில் மூஞ்சியை முக்கி உறிஞ்சும் சத்தம் வாசல்வரை கேட்கும். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்த பாத்திரத் தண்ணீர் வாழைக்கு. குளித்த தண்ணீர் சலதாரை வழியாக ஓடித் தென்னைக்கு. சவுக்காரம் அதிகம் போட்டுத் துவைத்த தண்ணீரை மட்டும் அப்பத்தா எந்தச் செடிக்கும் விடமாட்டார். வாசலில் புழுதி அடங்கத் தெளிக்கச் சொல்வார்.

இதற்குப் பின்னால் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. மேற்கு மலையின் மழை மறைவில் கிடக்கும் மேட்டுக்காட்டுப் பூமி. கிணற்றிலிருந்து ஒரு குடம் மேலே வர எவ்வளவு பாடு என்று கை அறியும். அதனால் ஒரே குடம் மூன்று இடத்தில் வேலை செய்தது. கழிவு நீர் என்கிற சொல்லை அவள் முதலில் படித்தது பாடப்புத்தகத்தில்தான். படத்தில் ஒரு தொழிற்சாலை, ஒரு குழாய், ஓர் ஆறு. வாக்கியத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினாள். வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை.

1992-ல் அணை திறந்தபோது சுற்று வட்டாரத்துக்கே திருவிழா. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயமுத்தூர், சூலூர், திருப்பூர் என்று வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊரருகே காவிரியில் சேரும் ஆறு அது. ஆண்டில் பாதிக்கு மேல் மணலாகத்தான் கிடக்கும். மழைக்காலத்து வெள்ளத்தைத் தேக்கி ஈரோடு, கரூர்ப் பக்கத்துக் காடுகளுக்குப் பாசனம் தருவது திட்டம். கீழே ஆத்துப்பாளையத்தில் இன்னோர் அணை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய் மதகைக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு வந்த கோடைகளில் ஓர் அதிசயம் நடந்தது. சித்திரை வெயிலிலும் ஆற்றில் தண்ணீர் ஓடியது. அவளுடைய அப்பாரு கரைமேல் நின்று நெற்றியைச் சுருக்கினார். "மலையில மழ இல்ல, இங்கயும் மழ இல்ல. பொறகு இது எங்கிருந்து வருது?"

திருப்பூரிலிருந்து வந்தது. பனியன் ஊர் என்று பேரெடுத்த அந்த நகரம் அப்போது வெளிநாட்டு ஆர்டர்களால் வீங்கிக்கொண்டிருந்தது. துணி பின்னுவதற்குத் தண்ணீர் வேண்டாம். வெளுக்கவும் சாயம் ஏற்றவும்தான் வேண்டும். அன்றைய விஞ்ச் இயந்திரங்கள் ஒரு கிலோ துணிக்கு 100 லிட்டருக்கும் மேல் குடித்தன. சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகள் இரவு பகலாக நகரத்துக்கு ஓடின. உள்ளே போனதெல்லாம் சலவைப்பட்டறையையும் சாயப்பட்டறையையும் கடந்து ஓடைக்கு வந்து, ஓடையிலிருந்து ஆற்றுக்கு வந்தது. மழையை நம்பியிருந்த ஆறு, ஆர்டரை நம்பி ஓட ஆரம்பித்தது.

நிறத்தைப் பார்த்துத்தான் ஊர் முதலில் பேசியது. கரையில் ஆடு மேய்ப்பவர்கள், "இன்னைக்கு ஊதாங்க", "நேத்து செவப்பு" என்றார்கள். பேச்சில் கொஞ்சம் வேடிக்கைகூட இருந்தது. வீட்டுக்குள் வந்த சேதியில் வேடிக்கை இல்லை. கிணற்றுத் தண்ணீரில் நிறமே கிடையாது, பளிங்கு மாதிரி இருந்தது. ஆனால் பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. அண்டாவின் உட்புறம் வெள்ளைப் பொருக்கு கட்டியது. ஒருநாள் தாழியில் ஊற்றிய கழுநீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வழக்கமாக வரும் இளநீர் வியாபாரி அடுத்தடுத்த வருடங்களில் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை.

அப்பத்தாவின் கணக்கு முழுதும் அத்தோடு குலைந்தது. கிணற்றிலிருந்து வரும்போதே உப்பாக இருக்கும் தண்ணீரை எந்த வரிசையில் யாருக்குக் கொடுப்பது? குடிக்க ஆகாதது களையவும் ஆகவில்லை. களைந்தது மாட்டுக்கு ஆகவில்லை, மாட்டுக்கு ஆகாதது வாழைக்கும் ஆகவில்லை. ஊருக்குள் லாரித் தண்ணீர் வந்தது. அதைக் குடத்தில் பிடித்து மூடி வைத்தார்கள். புழங்கிய தண்ணீரை முதன்முறையாகத் தெருவில் கொட்டினார்கள்.

உப்பு எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கு வேதியியல் படித்தபோதுதான் விளங்கியது. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தானாக நூலில் ஏறாது. சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ள உப்பு வேண்டும். கல்லுப்பும் போடுவார்கள், சோடியம் சல்ஃபேட்டும் போடுவார்கள். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போகும். கடல்நீரில் இருப்பது லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். சாயத் தொட்டி கடலைவிட உப்பு. அப்புறம் சாயத்தை நூலோடு பிணைக்கச் சோடா. ஒட்டாத சாயத்தை அகற்றப் பல தண்ணீர் அலசல். சாயத்தில் ஒரு பங்காவது துணியோடு போய்விடும். போட்ட உப்பில் ஒரு சிட்டிகைகூடத் துணியோடு போகாது. தள்ளுகிற வேலையை முடித்துவிட்டு முழுசாகத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

ஊர்க் கூட்டங்களில் அப்போது ஒரே தண்ணீருக்குப் பல பெயர்கள் புழங்கின. விவசாயிகளுக்கு அது சாயத்தண்ணி. பட்டறைக்காரர்களுக்கு டிஸ்சார்ஜ். அதிகாரிகளின் கோப்பில் எஃப்ளூயன்ட். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் குடியிருப்பிலிருந்து வரும் சாக்கடையையும் தொழிலிலிருந்து வெளியேறுவதையும் தனித்தனியாக வரையறுத்து வைத்திருந்தது. மனு எழுதிக் கொடுத்தவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கழிவு நீர் என்று எழுதினார். அப்பா அதில் கையெழுத்துப் போடுமுன் நிறுத்தி, "சாயத்தண்ணின்னே போடுங்க. கழிவுன்னா யார் ஊட்டுக் கழிவுன்னு தெரியாமப் போயிரும்" என்றார். எழுதியவர் சிரித்துவிட்டு அடைப்புக்குறிக்குள் சேர்த்தார்.

2000-ஆம் ஆண்டுகளின் நடுவில் அவள் எம்.எஸ்ஸி. முடித்துத் திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பல சாயப்பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் நிலையம். வீட்டில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அப்பா அவளைத் திட்டவில்லை. "அவங்க தண்ணியக் கழுவற வேலைக்கா கண்ணு இத்தன படிச்சே?" என்று மட்டும் கேட்டார்.

கழுவுவது என்பது அப்போது எப்படி நடந்தது என்றால், வந்த தண்ணீரில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் கலப்பார்கள். சாயம் திரண்டு கீழே படியும். அதற்கு ஸ்லட்ஜ் என்று பேர். மேலே நிற்கும் தண்ணீர் தெளிந்திருக்கும். பார்வையிட வருகிறவர்களுக்கு இரண்டு பீக்கர்களை அருகருகே வைத்துக் காட்டுவது வழக்கம். ஒன்றில் கருநீலம், மற்றொன்றில் தெளிவு. வந்தவர்கள் தலையாட்டிப் போவார்கள். அவள் தெளிந்த பீக்கரில் மீட்டரை விட்டுப் பார்ப்பாள். கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். எண் அசைந்தே இருக்காது. சேர்த்த சுண்ணாம்பால் சில சமயம் கூடியும் இருக்கும். வெளியே விடும் நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. குடிநீருக்கு இந்தியத் தரம் விரும்புவது 500. அவள் மீட்டரில் தெரிந்ததோ பல ஆயிரம்.

ஒருமுறை அந்தத் தெளிந்த நீரை ஒரு பாட்டிலில் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "நெறத்த எடுத்துப்போட்டீங்க. உப்பு அப்படியே நிக்குதே" என்றார். மீட்டர் சொன்னதும் அதுதான்.

அந்த உப்புதான் நீதிமன்றம்வரை போனது. வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு சொட்டுகூட வெளியே விடாத நிலையை எட்ட வேண்டும், அதற்குக் கெடு உண்டு. ஒரத்துப்பாளையத்தில் அதற்கு முன்பே தண்ணீரைத் தேக்குவதை நிறுத்தியிருந்தார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணை, பாசனம் வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்சும் அணையாகியிருந்தது. இழப்பீட்டுக்கான கணக்கெடுப்பு ஊருக்கு வந்தபோது அப்பா பட்டாவையும் சிட்டாவையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். மகள் வாங்கும் சம்பளம் எதிர்த்தரப்பிலிருந்து வருகிறது என்று யாரோ கிண்டல் செய்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் திருப்பூர் தெருக்களில் நீராவி வாசம் இல்லை. கொதிகலனுக்கு விறகு ஏற்றி வரும் லாரிகள் நின்றுவிட்டன. தென்மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் பெட்டியோடு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். துணி சாயத்துக்காக வேறு ஊர்களுக்குப் போனது. போன இடத்து ஆற்றுக்கு என்ன ஆனது என்று திருப்பூரில் யாரும் அப்போது கேட்கவில்லை. அவளுடைய ஆய்வகத்தில் சோதிக்கத் தண்ணீரே வரவில்லை. மாதிரி பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சம்பளம் வருமா என்று தெரியாமல் வந்து போய்க்கொண்டிருந்தாள். ஊரில் அப்பாவுக்கு ஆறு வெறும் மணலானதில் நிம்மதி. மகளுக்கு வேலை போய்விடுமோ என்ற கவலையும் அதே மனசில் இருந்தது. இரண்டையும் ஒரே போன் பேச்சில் சொன்னார்.

தமிழக அரசு அந்த ஆண்டு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகத் தந்தது. நிலையங்கள் புதுக் கருவிகளோடு ஒவ்வொன்றாகத் திறந்தன. பழைய சுண்ணாம்புத் தொட்டி வேலைக்கு மேல் இப்போது ஒரு நீண்ட சங்கிலி. வந்த தண்ணீரைத் தேக்கிச் சமப்படுத்துவது, நுண்ணுயிர்களைக் கொண்டு அழுக்கைத் தின்ன வைப்பது, எஞ்சிய நிறத்தை எடுப்பது, வடிகட்டுவது, பிறகு ஆர்.ஓ. சவ்வில் அழுத்துவது. அழுத்தினால் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நல்ல தண்ணீராக மறுபக்கம் வரும். அது குழாயில் அதே பட்டறைகளுக்குத் திரும்பிப் போகும். இந்தப் பக்கம் நின்றுவிடுவது கரிப்பு ஏறிய மிச்சம். அதை ஆவியாக்கிக்குள் விட்டு, நீராவியால் சூடேற்றிச் சுண்டவைத்து, உப்பைப் பிரித்து எடுப்பார்கள்.

நிலையத்துக்குள்ளும் தண்ணீருக்குப் பெயர்கள் இருந்தன. உள்ளே வருவது ஃபீட். சவ்வைத் தாண்டியது பெர்மியேட். தாண்டாதது ரிஜெக்ட். முதல் ஆர்.ஓ.வின் ரிஜெக்ட் அடுத்ததற்கு ஃபீட். கடைசி ரிஜெக்ட் ஆவியாக்கிக்கு ஃபீட். புதிதாக வந்த ஆபரேட்டர்கள் குழம்புவார்கள். "ஒரே தண்ணிய ரிஜெக்டுங்கறீங்க, ஃபீடுங்கறீங்க?" அவள் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவாள்: எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ரிஜெக்ட், எங்கே போகிறது என்று பார்த்தால் ஃபீட். அப்பத்தாவின் அடுப்பங்கரைப் பானையும் கட்டுத்தரைத் தாழியும் இதே கணக்கில்தான் ஓடின என்பது அப்படி ஒரு வகுப்பின் நடுவில்தான் அவளுக்கு உறைத்தது. வகுப்பில் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாற்றம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. உப்பை ஏன் சுண்டவைத்து எடுத்து, மறுபடி தண்ணீரில் கரைக்க வேண்டும்? பிரைன் எனப்படும் உப்புக் கரைசலைத் தெளிவாக்கி அப்படியே சாயத் தொட்டிக்கு அனுப்பினால் என்ன? பட்டறைக்காரர்கள் முதலில் மறுத்தார்கள். ஷேடு மாறிவிடும், பையர் சரக்கைத் திருப்பிவிடுவார் என்றார்கள். ஒரு சிலர் சின்ன லாட்டில் போட்டுப் பார்த்தார்கள். நிறம் நின்றது. சந்தையில் வாங்கும் உப்புக்குக் கொடுத்த காசு குறைந்தது. அதுவரை சட்டத்துக்குப் பயந்து ஓடிய நிலையத்தில், பிரைன் எப்போது வரும் என்று பட்டறைகளிலிருந்து போன் வர ஆரம்பித்தது.

எல்லாமே இப்படிக் கணக்காக முடியவில்லை. தொட்டி என்பது ஆளை விழுங்கும் இடம். அழுகிய நீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தை உணராமலே போய்விடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர் மேலே வருவதில்லை. கழிவுநீர்த் தொட்டியிலோ சாக்கடையிலோ பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. தொகை உயர்ந்ததே இறப்பு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. அவள் வேலை செய்யும் இடத்தில் மூடிகளுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். "ஒரு நிமிச வேலைங்க மேடம், எறங்கி ஏறிருவேன்" என்று கேட்ட எவருக்கும் அதைக் கொடுத்ததில்லை. இதற்காக அவளுக்குக் கிடைத்த பட்டப்பெயர் வெளியில் சொல்லும்படி இருக்காது.

பயிற்சிக்காகச் சென்னை போனபோது வேறொரு புழக்கத்தைக் கண்டாள். 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு நகரம் குடத்தோடு நின்ற ஆண்டு அது. அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் திறனுள்ள நிலையங்கள் இயங்கத் தொடங்கின. நகரத்துச் சாக்கடையை ஆர்.ஓ. வரை கொண்டுபோய், ஒன்று மணலித் தொழிற்சாலைகளுக்கும் மற்றொன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் அனுப்பியது. சென்னையில் எதையாவது கூவம் என்று சொன்னால் அது வசவு. அந்த ஊரிலேயே சாக்கடைக்கு விலைப்பட்டியலும் மீட்டரும் பில்லும் இருந்தன. கூட வந்த திருப்பூர்க்காரர் ஒருவர் விலையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பும் ரயிலில், திருப்பூர் மாநகரத்துச் சாக்கடையை யார் வாங்குவார்கள் என்று ஈரோடுவரை பேசிக்கொண்டே வந்தார்.

அந்தப் பேச்சுக்குக் காரணம் உண்டு. சாயத்தண்ணி நின்ற பிறகும் நொய்யல் தெளிந்துவிடவில்லை. கோயமுத்தூரும் திருப்பூரும் கழுவிக் குளித்துக் கொட்டுவது அதில் ஓடுகிறது. இரவில் மழை பெய்தால் அந்த மறைவில் குழாயைத் திறந்துவிடும் பட்டறைகள் பற்றிய புகாரும் அவ்வப்போது வருகிறது. ஆனால் தோட்டத்துக் கிணறு கொஞ்சம் மாறியிருக்கிறது. நல்ல மழை பெய்த வருடங்களில் அவள் விடுமுறைக்குப் போகும்போது மீட்டரை எடுத்துப் போவாள். எண் இறங்கியிருக்கும். வறட்சி வந்தால் திரும்ப ஏறும். மண்ணுக்குள் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பில் வெளியே வந்துவிடாது. அப்பா இப்போதெல்லாம் தென்னைக்கு நம்பி விடுகிறார், மஞ்சளுக்கு விடுவதில்லை. அவருக்கு மீட்டர் தேவைப்படவில்லை. பருப்பு எத்தனை விசிலில் வேகிறது என்று கேட்டே சொல்லிவிடுகிறார்.

நிலையத்தில் அவளுக்கு இப்போது தலைவலி வேறு. ஸ்லட்ஜைச் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளோடு சேர்த்துக்கொள்ள அனுப்ப வழி பிறந்துவிட்டது. திரும்பப் பயன்படும் உப்பைப் பட்டறைகள் எடுத்துக்கொள்கின்றன. கடைசியில் கல்லுப்பும் சல்ஃபேட்டும் மீந்த சாயமும் கலந்து பழுப்பாக ஒன்று மிஞ்சுகிறது. கலப்பு உப்பு என்கிறார்கள். சாயத்துக்கு அது ஆகாது, நிலத்தில் கொட்டவும் கூடாது. மூட்டை கட்டி, மழை படாத கொட்டகையில் அடுக்கி வைக்கிறார்கள். ஒரு சொட்டும் வெளியே போகாத நிலையத்தில் அந்தக் கொட்டகை மட்டும் நிரம்பிக்கொண்டே வருகிறது.

புதிதாகச் சேர்ந்த பையன் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டான். "மேடம், வந்த தண்ணிக்கு ஒரு கட்டம் இருக்குது, திருப்பி அனுப்புனதுக்கு இருக்குது, உப்புக்கு இருக்குது. இந்த மூட்டையெல்லாம் எதுல எழுதறதுங்க?" இருப்பு என்ற கட்டத்தில் எழுதச் சொன்னாள், எடையோடு. போன மாதத்துக் கணக்கோடு கூட்டிப் பார்த்துவிட்டு, உறுப்பினர் கூட்டத்துக்கான குறிப்பில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தாள். இரண்டு உப்பையும் தனித்தனியாகப் பிரிக்கும் கருவிக்கு விலைப்புள்ளி கேட்பது ஒன்று. அது வரும்வரை கொட்டகையைத் தெற்குப் பக்கமாக நீட்டுவதும், அந்தச் செலவை எந்தப் பட்டறை எத்தனை கிலோ துணி சாயம் போட்டதோ அந்தக் கணக்கில் பிரிப்பதும் மற்றொன்று. இரண்டாவதற்குத்தான் சண்டை நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பட்டறைவாரியாகக் கணக்கைப் போட்டு, பிரதி எடுத்து, முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.